ஓலை முதல் யூடியூப் வரை: பிரதி எடுத்தவர்களின் கதை

இணையத்தில் ஏற்றிய காணொளி என்றும் அழியாது என்பது பலரின் நம்பிக்கை. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் செயலியைத் தடை செய்தது. மறுநாளே தமிழ்நாட்டுக் கிராமத்துக் கலைஞர்கள் ஏற்றிய ஆட்டமும் பாட்டும் இங்கே யாரும் பார்க்க முடியாதவை ஆயின. தன் கையில் பிரதி வைத்திருந்தவருக்கு மட்டுமே அவை மிஞ்சின.

இந்தப் பாடம் சென்னைக்குப் புதிதல்ல. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து தேடியது ஓலைச்சுவடிகளை. ஒரே பிரதியாக இருந்த நூலைக் கரையான் அரித்தால் அந்த நூலே போயிற்று. 1942-ல் அவர் மறைந்தார். அவருடைய சுவடிகளும் நூல்களும் சிதறாமல் காக்க 1943-ல் ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் அடையாற்றில் நூலகம் எழுந்தது. இன்று அது பெசன்ட் நகரில் இருக்கிறது.

திரைப்படத்துக்கு அந்த யோகம் இல்லை. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' இன்று ஒரு சுருள்கூட இல்லை. 1931-ல் வந்த 'காளிதாஸ்' படமும் அப்படியே!

சேர்த்து வைத்தால் மட்டும் போதுமா? போதாது. கோட்டையூர் ரோஜா முத்தையா ஆயுள் முழுவதும் நூல்களையும் இதழ்களையும் நோட்டீஸ்களையும் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. அங்கே பட்டியல் தயாரித்து, மைக்ரோஃபிலிம் எடுத்த பிறகுதான் அந்தக் குவியல் ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டது. மியூசிக் அகாடமியிலும் பழைய கச்சேரிப் பதிவுகளைக் கணினியில் தேடிக் கேட்க வசதி செய்யப்பட்டது.

காணொளிக்கும் இதுவே வழி. யூடியூப் தொடங்கியது 2005-ல். அதிலிருந்து பிரதி எடுக்கும் 'யூடியூப்-டிஎல்' மென்பொருள் 2006-லேயே வந்துவிட்டது. 2014-ல் யூடியூப் நிறுவனமே இந்தியாவில் இணையமின்றிப் பார்க்கும் வசதியைத் தந்தது. ஆனால் ஆயுள் 48 மணி நேரம்தான். அது இரவல், சேமிப்பு அல்ல. 2020 அக்டோபரில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் புகார் செய்ததால் 'யூடியூப்-டிஎல்' கிட்ஹப் தளத்திலிருந்து நீக்கப்பட்டது. நவம்பரில் திரும்பி வந்தது. அதன் வழியில் 2021-ல் 'ஒய்டி-டிஎல்பி' பிறந்தது.

இவ்வகை மென்பொருள்கள் ஒரு சேனலின் படங்களோடு தலைப்பு, தேதி, விவரக் குறிப்பு, சப்டைட்டில் ஆகியவற்றையும் தனிக் கோப்புகளாக எடுத்து வைக்கும். உயிர்நாடி இந்தச் சிறு கோப்புகள்தான். சப்டைட்டில் இருந்தால் பேச்சின் நடுவே வரும் ஒரு சொல்லையும் தேடிப் பிடிக்கலாம். இல்லையென்றால் பாடியவர், ராகம், இடம், நாள் என்று ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஆயிரம் கச்சேரி நிறைந்த ஹார்ட் டிஸ்க் பூட்டிய பீரோவுக்குச் சமம்.

உரிமைப் பிரச்சினையும் உண்டு. யூடியூப் விதிகள் அனுமதியின்றிப் பிரதி எடுப்பதை ஏற்பதில்லை; கலைஞரின் பிழைப்பும் அதில் இருக்கிறது. ஆகவே முதல் பொறுப்பு சேனல் நடத்துபவர்களுடையது. கொரோனா காரணமாக 2020 மார்கழியில் சென்னை சபாக்கள் கச்சேரிகளை இணையத்தில் நடத்தின. அந்தப் பதிவுகளின் இரண்டு பிரதிகள் இரண்டு இடங்களில், பட்டியலோடு இருந்தால் நாளைய மாணவன் அந்த மார்கழியைக் கேட்பான். இல்லையேல் 'கீசக வதம்' போல அதற்கும் பெயர் மட்டுமே மிஞ்சும்.