திருத்த முகிலும் அதன் கோட்டுப் பாணியும்

பொறியியல் வரைபடங்களின் வரலாற்றை எழுதுவோர் புதியன வரைந்தமை பற்றிப் பேசுமளவுக்கு, வரைந்தவற்றைத் திருத்தியமை பற்றிப் பேசுவதில்லை. ஆயினும் கட்டடமொன்றின் கதியை முதல் வரைபடத்தினும் அதன் திருத்தங்களே தீர்மானித்த வேளைகள் உள.

1842இல் ஜோன் ஹேர்ஷல் கண்டறிந்த நீலப்படி முறை, ஒரு மூலவரைபடத்திலிருந்து பல படிகள் எடுக்க வழிசெய்தது. அதனோடு ஓர் இடரும் பிறந்தது. மூலத்தில் ஒரு கோடு மாறினும் பழைய படியும் புதிய படியும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். காலப்போக்கில், மாறிய பகுதியைச் சூழ முகில் வடிவான வளைகோடு இடும் வழக்கம் வரைகூடங்களில் நிலைபெற்றது. சுவரும் தூணும் குழாயும் முகில் வடிவில் அமைவதில்லை. எனவே அக்கோட்டைக் கட்டட உறுப்பென எவரும் மயங்கார். ஒளி ஊடுருவும் வரைதாளின் பின்புறத்தில் முகிலை இட்டு, அடுத்த திருத்தத்தின்போது முன்புறம் சிதையாமல் அழித்துக்கொண்ட படவரைஞரும் உளர்.

1981 ஜூலை 17இல், அமெரிக்காவின் கன்சாஸ் சிற்றியிலுள்ள ஹயற் றீஜென்சி ஹோட்டலின் நடைபாலங்கள் இடிந்து 114 பேர் மாண்டனர். மேற்பாலத்தினூடாகச் சென்று கீழ்ப்பாலத்தையும் தாங்குவதாக முதலில் அமைந்த நீண்ட தொங்குகோல், தயாரிப்பு வரைபடத்தில் இரு கோல்களாக மாற்றப்பட்டிருந்தது. அதனால் மேற்பாலத்து மூட்டின் சுமை ஏறத்தாழ இருமடங்காயிற்று. கணித்துச் சரிபார்க்கப்படாமலே அம்மாற்றம் அங்கீகாரம் பெற்றது. முதல் அமைப்பே கட்டட விதி கோரிய வலுவைக் கொண்டிருக்கவில்லை என்பதும் பின்னர் தெரியவந்தது. முகிலொன்று அதனைத் தடுத்திருக்கும் என வாதிட யான் முனையேன். முகில் கண்ணை அழைக்குமேயன்றிக் கணக்கைச் செய்யாது.

1982இல் வெளிவந்த ஓட்டோகாட் என்னும் கணனி வரைவு முறையில், பிற்காலத்தில் முகிலுக்கெனத் தனிக் கட்டளை சேர்ந்தது. அது இரு பாணிகளைத் தருகின்றது. சாதாரண பாணியில் கோடு ஒரே தடிப்பினது. எழுத்தணிப் பாணியில் ஒவ்வொரு வளைவும், பேனாவால் இழுத்தாற்போல, மெலிதாய்த் தொடங்கித் தடித்து முடியும். இதனை வெறும் அலங்காரமெனத் தள்ளுவோர் உளர். முகில் பயன்பட்ட காரணத்தை நோக்கின் அக்கருத்துப் பொருந்தாது. கட்டட வரைபடத்தின் ஏனைய கோடுகள் தம் நீளத்துள் தடிப்பு மாறுவதில்லை. ஆகவே எழுத்தணி முகில் சட்டெனப் பிரிந்து தெரியும். கோடுகள் நெருங்கிய விபரப்படத்தில் மாத்திரம் தடித்த வளைவுகள் எண்களை மறைத்துவிடும். அங்கே சாதாரண பாணியே தக்கது.

வளைவின் நீளத்தையும் அச்சிடும் அளவுத்திட்டத்துக்கேற்பத் தெரிதல் வேண்டும். 1:100இல் அச்சாகும் படத்தில் 10 மில்லிமீற்றராகத் தோன்றவேண்டிய வளைவு, கணனி வரைவில் 1,000 மில்லிமீற்றராக இடப்படவேண்டும். இதனைக் கவனியாது இட்ட முகில், தாளில் நடுங்கிய கையால் இழுத்த கோடாகவே எஞ்சும்.