கழுகு நெபுலாவின் தூண்கள்: விண்படத்தில் அளவீடும் அழகும்

'படைப்பின் தூண்கள்' என்று பெயர்பெற்ற ஹபிள் படம் 1995 ஏப்ரல் 1 அன்று எடுக்கப்பட்டது. சர்ப்ப விண்மீன் குழுவில், சுமார் 6,500 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள கழுகு நெபுலாவின் ஒரு சிறு பகுதி அதில் தெரிகிறது: பொன்னும் பழுப்புமாக மூன்று வாயுத் தூண்கள், பின்னணியில் நீலப்பச்சை ஒளி. எடுத்தவர்கள் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக வானியலாளர்கள் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும். ஆய்விதழைத் தாண்டித் தபால்தலை வரை போன இப்படத்தின்மீது ஒரு குற்றச்சாட்டும் உண்டு. நெபுலாவின் அருகே போனாலும் மனிதக் கண்ணுக்கு இந்த நிறங்கள் தெரியமாட்டா. ஆகவே இதன் அழகு கணினியில் பூசப்பட்டது என்பது அது. முற்பாதி உண்மை. அதிலிருந்து பிற்பாதி பெறப்படுவதில்லை.

ஹபிளின் ஒளியுணரிகளுக்கு நிறம் தெரியாது. விழும் ஒளியின் அளவை மட்டுமே அவை பதிவு செய்கின்றன. எந்த ஒளி விழலாம் என்பதை முன்னால் வைக்கும் வடிகட்டி தீர்மானிக்கிறது. இப்படத்துக்கு மூன்று குறும்பட்டை வடிகட்டிகள் பயன்பட்டன. இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் வெளியிடும் 502 நானோமீட்டர் ஒளி, ஹைட்ரஜனின் 656, ஓர் எலெக்ட்ரானை இழந்த கந்தகத்தின் 673. விண்கதிர்கள் ஒளியுணரியில் மோதி விட்டுச்செல்லும் வெண்புள்ளிகளைக் களைய, ஒரே காட்சியை மீண்டும் மீண்டும் எடுத்து ஒப்பிட வேண்டியிருந்தது. கடைசியில் கைக்கு வந்தவை மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள்.

சர்ச்சைக்குரிய முடிவு இதற்குப் பிறகு வருகிறது. ஹைட்ரஜன் ஒளியும் கந்தக ஒளியும் கண்ணுக்கு ஒரே சிவப்புதான்; இடையே 17 நானோமீட்டர் வேறுபாடு மட்டுமே. இயல்பான நிறத்தையே கொடுத்தால் இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். எனவே மூன்றிலும் குறைந்த அலைநீளத்துக்கு நீலமும் நடுவிலுள்ளதற்குப் பச்சையும் மிகுந்ததற்குச் சிவப்பும் தரப்பட்டன. வானவில்லின் வரிசை குலையவில்லை, இடைவெளிதான் விரிக்கப்பட்டது. இதனால் நிறத்தைப் பார்த்தே வாயுவின் நிலையைப் படிக்க முடிகிறது. ஆற்றல்மிக்க கதிர்வீச்சு தாக்கும் வெளியில் ஆக்சிஜனின் நீலம் ஓங்குகிறது. தூண்களின் அடர்ந்த விளிம்பில், அயனியாக்கம் குறைந்த இடத்தில், கந்தகத்தின் சிவப்பு தலைகாட்டுகிறது.

ஆனாலும் இதில் கைவேலை இல்லையென்று சொல்வதற்கில்லை. ஹைட்ரஜன் ஒளி மற்ற இரண்டையும்விட மிக வலுவானது. அப்படியே விட்டால் படம் முழுதும் பச்சையாகிவிடும். அதைச் சமன்செய்யப் பச்சையின் பங்கு குறைக்கப்படுகிறது. விளைவு படத்திலுள்ள விண்மீன்களில் தெரிகிறது. விண்மீன் எல்லா அலைநீளங்களிலும் ஒளிர்வது. பச்சை குறைந்ததும் சிவப்பும் நீலமும் கலந்து அது இளஞ்சிவப்பாகிறது. அந்த இளஞ்சிவப்பு எந்த விண்மீனின் நிறமும் அல்ல, செய்முறை விட்டுச்சென்ற தடயம்.

கலை வரலாற்றாளர் எலிசபெத் கெஸ்லர் இன்னும் ஆழமாகச் செல்கிறார். ஹபிள் படங்களின் அமைப்பு, 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மேற்குப் பகுதியின் செங்குத்துப் பாறைகளை வரைந்த தாமஸ் மோரன் போன்றோரின் நிலக்காட்சி ஓவியங்களை ஒத்தது என்பது அவர் கருத்து. கூர்மையான அவதானிப்பு. விண்வெளியில் மேலும் கீழும் கிடையாது. தூண்களை நிமிர்த்தி வைத்தது வெளியிட்டவர்களின் தேர்வு. ஆயினும் தூண் வடிவத்தை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. சட்டகத்துக்கு மேலே, படத்துக்கு வெளியே, என்ஜிசி 6611 என்னும் இளம் விண்மீன் கொத்து இருக்கிறது. அதன் புற ஊதாக் கதிர்கள் வாயு முகிலை ஆவியாக்கிக் கரைக்கின்றன. கரைய மறுக்கும் அடர்ந்த திரள்கள் தமக்குப் பின்னுள்ள வாயுவுக்கு நிழல் தருகின்றன. அந்த நிழல்பகுதிகளே தூண்கள். மேலிருந்து ஒளி பாயும் தோற்றத்தின் கம்பீரம் ஓவிய மரபுக்குக் கடன்பட்டது என்று கொண்டாலும், ஒளி உண்மையில் அந்தத் திசையிலிருந்தே வருகிறது. கெஸ்லரின் ஒப்பீடு படத்தை நிறுத்தி வைத்த விதத்துக்குப் பொருந்தும். படத்தில் உள்ளதற்கு அவ்வளவாகப் பொருந்தாது.

இதற்கு வலுவான சான்று, படத்தை மீண்டும் எடுத்தபோது கிடைத்தது. 2014இல் புதிய கேமராவால் எடுத்து 2015 ஜனவரியில் வெளியிட்ட படத்தில், பழைய படத்தின் மூலையில் படிக்கட்டுபோல் விடுபட்டிருந்த கறுப்பு இடம் இல்லை. (பழைய கேமராவின் நான்கு ஒளியுணரிகளில் ஒன்று நுண்ணிய அளவுகோல் கொண்டது; மற்றவற்றோடு பொருத்தச் சுருக்கியதால் வந்த வெற்றிடம் அது.) இரண்டையும் ஒப்பிட்டபோது, பிறந்துகொண்டிருக்கும் விண்மீன் ஒன்று பீய்ச்சுவதாகக் கருதப்படும் வாயுத் தாரை இடைப்பட்ட காலத்தில் சுமார் 9,600 கோடி கிலோமீட்டர் நீண்டிருந்தது தெரிந்தது. வெறும் அலங்காரத்தில் இப்படி அளந்து பார்க்க முடியாது.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022 அக்டோபரில் அதே தூண்களை அகச்சிவப்பில் காட்டியது. இங்கே இயல்பான நிறம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த ஒளி கண்ணுக்குப் புலப்படாதது. அண்மை அகச்சிவப்பில் தூசி பாதி ஊடுருவித் தெரிகிறது, ஹபிள் படத்தில் மறைந்திருந்த ஆயிரக்கணக்கான விண்மீன்கள் வெளிப்படுகின்றன. நடு அகச்சிவப்பிலோ பெரும்பாலான விண்மீன்கள் மங்கி மறைய, தூசியே காட்சியாகிறது. ஒரே பொருளின் இம்மூன்று தோற்றங்களில் எது உண்மையானது என்று கேட்பதில் பயனில்லை. எந்த வடிகட்டிக்கு எந்த நிறம், எந்தப் பக்கம் வடக்கு, ஒளிச்செறிவு எவ்வளவு நீட்டப்பட்டது என்பவை படத்தோடு தரப்பட்டுள்ளனவா என்பதே கேட்கத்தக்கது. முதலிரண்டும் இப்போது பெரும்பாலும் தரப்படுகின்றன, மூன்றாவது அரிதாகவே. ஆனால் மூலப்பதிவுகள் விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் எவரும் எடுத்தாளும்படி இருக்கின்றன. வேறு நிறங்களில் தொகுத்துப் பார்க்க விரும்புவோர் அவற்றிலிருந்தே தொடங்கலாம்.