அப்புத்தளை மலைச்சாரலில் கோயிலும் குடிவாழ்வும்

ஊவா மலைத்தொடரின் தென் விளிம்பில் அமைந்த அப்புத்தளையின் வரலாறு, பெரும்பாலும் துரைமாரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றொஜர்ஸின் நினைவாகப் பதுளையில் புனித மாற்கு தேவாலயம் எழுந்தது. அப்புத்தளையின் புனித அந்திரேயர் தேவாலயம் 1869இல் தோன்றியது. கோப்பிப் பயிரை அழித்த இலைநோய் இலங்கையில் கண்டறியப்பட்டதும் அதே ஆண்டிலேயே. 1890இல் தோமஸ் லிப்டன் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1893இல் புகையிரதம் அப்புத்தளையை எட்டியது. இவையனைத்தும் கல்லிலும் ஏட்டிலும் பதிவு பெற்ற செய்திகள். ஆயின், இம்மலைகளிற் காடழித்துக் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் நட்ட தமிழ்த் தொழிலாளர் எழுப்பிய கோயில்கள் பலவற்றுக்குத் தோற்றக் காலம் குறிக்கும் கல்வெட்டுத்தானும் இல்லை. அம்மக்களின் கூட்டு வாழ்வை அறிய விழைவோர் அக்கோயில்களிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

திருச்சி, தஞ்சை, சேலம், மதுரை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் வழிகாட்டலில் வந்தோர், தாம் விட்டுவந்த ஊர்த் தெய்வங்களையும் உடன் கொணர்ந்தனர். மரத்தடியில் நட்ட ஒரு கல்லும் ஒரு சூலமுமே தொடக்கத்தில் கோயிலாயின. மழையும் அம்மை நோயும் மாரியம்மனின் ஆணைக்கு உட்பட்டவை என்று நம்பிய மக்களுக்கு, மழையை நம்பிய மலைத்தொழிலில் அவளே முதற்றெய்வமானது இயல்பே. காலப்போக்கில் கல்லைச் சுற்றிக் கொட்டகையும், கொட்டகை இருந்த இடத்தில் கட்டடமும் எழுந்தன. இவற்றுக்கான பணம் தொழிலாளரின் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்பட்டது. ‘செக்றோல்’ எனும் சம்பளப் பதிவேட்டில் அரிசிக் கணக்குடன் கோயில் வரியும் இடம்பெற்றது.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லய அறையில் ஒரு குடும்பம் முழுதும் வாழ்ந்த சூழலில், மக்கள் கூடுதற்குரிய பொதுவிடம் கோயில் முற்றமே. விடியற்காலையில் பெரட்டுக்கு ஆளழைத்த அதே தப்பு, திருவிழாவில் கரகத்துக்கும் காவடிக்கும் முழங்கியது. மாசி மாதத்தில் காமன் கூத்தும், பிற காலங்களில் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் ஆடப்பெற்றன. கொழுந்து பறித்தோரும் கவ்வாத்து வெட்டியோருமே அவற்றின் கலைஞர்கள். எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு சமுதாயம் தன் மொழியையும் கதைகளையும் நினைவிற் காத்தது இம்முற்றங்களிலேதான் எனலாம்.

இதனை ஒத்த வரலாறொன்று வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்கப் பள்ளத்தாக்குகளிலும் உண்டு. அங்குச் சுரங்கத் தொழிலாளர் தம் உழைப்பின் பணத்தால் சிற்றாலயங்களை எழுப்பினர். அரச ஆதரவு பெற்ற ஆங்கிலத் திருச்சபையைச் சாராத அவ்வாலயங்களில் வேல்ஸ் மொழி வழங்கியது. ஞாயிறு பள்ளிகள் எழுத்தறிவு தந்தன. குழுப் பாடல் வளர்ந்தது. தம் போதகரைச் சபையாரே அழைத்துக்கொண்டனர். ஆலய நிலம் குத்தகையாக இருந்தவிடத்தும் அதன் பத்திரம் சபையின் அறங்காவலர் பெயரில் இருந்தது. ‘மேபன்’ எனப் புகழ்பெற்ற வில்லியம் ஏபிரகாம், ஆலயத்தில் மூப்பராயிருந்து பெற்ற நாவன்மையுடன் 1885இல் பாராளுமன்றம் புகுந்தார். 1898இல் தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனத்தின் முதல் தலைவரானார். ஆலயம் தொழிலாளரின் தன்னாட்சிக்குப் பயிற்சிக் களமாயிற்று.

தோட்டக் கோயிலுக்கு அத்தகைய தன்னாட்சி எளிதிற் கிட்டவில்லை. அது நின்ற நிலம் தோட்டத்துக்குரியது. திருவிழாவுக்கு விடுமுறை துரையின் அனுமதியால் வந்தது; முதல் மரியாதை பெரிய கங்காணிக்குச் சென்றது. திருவிழாக் கடமைகள் சாதி வழியே பகுக்கப்பட்டன. தப்படித்தவனின் இசையை ஏற்ற முற்றம், அவனைச் சமமாக ஏற்கவில்லை. கிறித்துவ மிசன்கள் வேறொரு வாயிலைத் திறந்தன. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிசன், தோட்டங்களில் வேதத்துடன் பள்ளிகளையும் நடத்தியது. ஆயினும் அது தோட்ட உரிமையாளரின் முயற்சியாலும் நன்கொடையாலும் பிறந்ததேயன்றித் தொழிலாளர் தாமே அமைத்த சபையன்று.

மாற்றம் தொழிற்சங்கத்தின் வழியே வந்தது. 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. 1940இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் தமக்கெனக் குழுவொன்றைத் தெரிவு செய்தனர். கங்காணியின் செல்வாக்குத் தளரத் தளர, சங்கத்தின் தோட்டத் தலைவரே கோயில் நிருவாகத்திலும் முன்னிற்கலானார். வேல்ஸில் ஆலயத்திலிருந்து சங்கம் வலுப்பெற்றது. இங்கோ சங்கத்தின் துணையால் கோயில் தொழிலாளர் கைக்கு வந்தது.

ஆனால் அம்மக்களின் இருப்பே அடுத்து வினாவுக்குள்ளாயிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. ஒரே கோயிலுக்கு வரி கொடுத்த குடும்பங்கள் கடலின் இருமருங்கும் பிரிந்தன. இங்கு ‘இந்தியர்’ எனப்பட்டோர், நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் ‘சிலோன்காரர்’ எனப்பட்டனர். அங்கும் மாரியம்மன் கோயில்களே அவர்களை மீண்டும் ஒன்றுகூட்டின.

தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றோர் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. எனினும் நிலவுரிமைச் சிக்கல் எஞ்சிநின்றது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. மண்சரிவு ஆபத்து முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் பெயர்ந்து சென்று குடியேறத் தமக்கெனச் சொந்த நிலம் அம்மக்களுக்கு இருக்கவில்லை.

தெய்வத்துக்கு இடம் தேடிக்கொடுத்த மக்கள், தமக்கு உரிய இடத்தை இன்னும் முழுமையாகப் பெறவில்லை. தோட்டக் கோயில்களின் வரலாற்றைத் தொகுப்பது சமய வரலாற்றுப் பணியாக மட்டும் அமையாது. தலைமுறை தலைமுறையாக ஒரு சமுதாயம் இம்மண்ணில் வேரூன்றி வாழ்ந்தமைக்கு அக்கோயில்களே கண்கூடான சான்றுகள். அவற்றைக் கட்டியோரின் நினைவு முதியோரின் நாவில் எஞ்சியிருக்கும்போதே அது ஏட்டில் ஏறுதல் வேண்டும்.