பெட்டை நாய்க்கு ஒரு தெய்வத்தின் பெயர்

தோழி ஒருத்தி தெருவில் கிடந்த நாய்க்குட்டி ஒன்றை எடுத்து வந்தாள். கூடப் பிறந்த ஆண் குட்டிகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிப் போய்விட்டார்கள். பெட்டை என்பதால் இது மட்டும் சாக்கடை ஓரத்தில் மிச்சம். "பொட்டக் குட்டியப் போய் ஏம்மா எடுத்துட்டு வந்தே? நாளைக்கே குட்டி போட்டு நிக்குமே" என்றார் பக்கத்து வீட்டம்மா. தோழியின் மகளுக்குக் கவலை வேறு. தோர், லோகி என்று படங்களில் கேட்ட நார்ஸ் பெயர்கள் அவளுக்குப் பிடிக்கும். பெண் குட்டி என்பதால் ஃப்ரேயா என்று வைக்கலாம் என்றாள். "தெய்வத்தோட பேரை நாய்க்கு வைக்கலாமாக்கா? அதுவும் பொம்பளத் தெய்வம்" என்று தோழி என்னிடம் கேட்டாள்.

சாதாரணக் கேள்விதான். ஆனால் ஃப்ரேயாவையும் பெட்டை நாயையும் ஒன்றாகச் சொன்னதற்காக ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மனிதன் நாடு கடத்தப்பட்டிருக்கிறான்.

கி.பி. 999ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு கோடைக்காலம். ஐஸ்லாந்துக்கு அப்போது அரசன் இல்லை. 930 முதல் ஆண்டுதோறும் கூடிய ஆல்திங் என்னும் பொதுச்சபைதான் சட்டம் சொல்லும், வழக்குத் தீர்க்கும். பழைய தெய்வங்களை வணங்குவோரும் புதிதாகக் கிறிஸ்தவம் தழுவியோரும் அங்கே மோதிக்கொண்டிருந்தார்கள். ஹ்யால்ட்டி என்ற கிறிஸ்தவன், சட்டப் பாறை எனப்பட்ட இடத்தில் ஏறி நின்று, ஃப்ரேயாவைப் பெட்டை நாய் என்று பழிக்கும் செய்யுள் ஒன்றைச் சொன்னான். தெய்வ நிந்தனைக் குற்றத்துக்காக அவனை நாடு கடத்தினார்கள். அந்தக் குற்றத்தின் பெயரே குரைத்தல் என்ற வினையிலிருந்து பிறந்தது. தெய்வத்தை நோக்கிக் குரைப்பது என்று பொருள் கொள்ளலாம். மறு ஆண்டு ஹ்யால்ட்டி திரும்பி வந்தான். அந்த ஆண்டே ஐஸ்லாந்து கிறிஸ்தவத்தைச் சட்டமாக ஏற்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆரி என்பவர் எழுதிய ஐஸ்லாந்தியர் வரலாற்றில் இது பதிவாகியிருக்கிறது.

பழைய சமயத்தைக் கேலி செய்ய ஹ்யால்ட்டிக்கு எத்தனையோ வழிகள் இருந்திருக்கும். ஒற்றைக் கண் ஓடினைக் கேலி செய்திருக்கலாம், சாப்பாட்டு ராமனான தோரைக் கேலி செய்திருக்கலாம். அவன் தேர்ந்தெடுத்தது பெண் தெய்வத்தை. கையிலெடுத்த ஆயுதம் அவளுடைய ஒழுக்கம். பலரோடு கூடுகிறவள் என்பதுதான் அந்த வசவின் உட்பொருள். நார்ஸ் புராணப் பாடல்களுள் ஒன்றான லோகசென்னாவில், விருந்துக்கு வந்த லோகி தெய்வங்களை வரிசையாக வைகிறான். ஆண் தெய்வங்களுக்குக் கோழைத்தனம், தோல்வி, பெண்தன்மை என்று பலவகைக் குற்றச்சாட்டு உண்டு. பெண் தெய்வங்களுக்குப் பெரும்பாலும் ஒன்றேதான்: யாரோடு படுத்தாய்? ஃப்ரேயாவிடம் அவன் கேட்பதும் அதுவே. சமயம் மாறினாலும் வசவு மாறவில்லை.

ஆணை வைவதற்கும் அதே சொல்தான் பயன்பட்டது. மேற்கு நார்வேயில் வழங்கிய குலாதிங் சட்டம், மிகக் கொடிய வசவுகள் எவை என்று பட்டியல் இடுகிறது. ஓர் ஆணைப் பார்த்து நீ பிள்ளை பெற்றவன் என்பது, பெண் குதிரை என்பது, பெட்டை நாய் என்பது, வேசி என்பது, எந்த விலங்கினத்தின் பெண்ணோடும் ஒப்பிடுவது: இவற்றுக்கெல்லாம் முழு நஷ்டஈடு கொடுக்க வேண்டும். இழிவு நாயில் இல்லை, பெட்டையில் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். பெண் என்று அழைக்கப்படுவதே ஓர் ஆணுக்கு நேரக்கூடிய பெரிய அவமானம் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

நாயைப் பொறுத்தவரை நார்ஸ் மக்கள் அதை மதித்தே வாழ்ந்தார்கள். நார்வேயின் ஓசெபெர்க் என்ற இடத்தில் 1904இல் ஒரு கப்பல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. 834ஆம் ஆண்டு அதில் வைத்து அடக்கம் செய்யப்பட்டவர்கள் இரண்டு பெண்கள். செதுக்கு வேலைப்பாடு மிகுந்த வண்டி, சறுக்கு வண்டிகள், தறி, துணிகள் என்று அவ்வளவு செல்வமும் அவர்களோடு புதைக்கப்பட்டிருந்தது. குதிரைகளும் நாய்களும் உடன் கிடந்தன. மறு உலகத்துக்கும் நாய் துணை வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

சாகாக் கதைகளில் நாய்களுக்குப் பெயர் உண்டு, குணம் உண்டு, புகழும் உண்டு. ஸ்னோரி ஸ்டர்லுசன் எழுதிய அரசர் வரலாற்றில் ஒரு கதை. தோற்றுப்போன ட்ரோன்ட்ஹைம் பகுதி மக்களிடம் வென்ற அரசன், "என் அடிமை வேண்டுமா, என் நாய் வேண்டுமா, எது உங்களை ஆளட்டும்?" என்று கேட்கிறான். அவர்கள் நாயைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் பெயர் சௌர். அழுக்கு என்று பொருள். அழுக்கு என்ற பெயர் கொண்ட நாய் தங்கப் பட்டை அணிந்து சிம்மாசனம் ஏறலாம், அடிமை ஏறக்கூடாது. அப்படியானால் அடிமைப் பெண்ணின் இடம் எது?

லாக்ஸ்டேலா சாகாவில் அதற்கு விடை இருக்கிறது. ஹோஸ்குல்ட் என்ற ஐஸ்லாந்துப் பண்ணையார் சந்தையில் ஓர் அடிமைப் பெண்ணை வாங்குகிறான். மற்றவர்களுக்கு ஒரு மார்க் வெள்ளி, இவளுக்கு மூன்று மார்க். ஊமை என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அவளும் வாய் திறக்கவே இல்லை; பெயரும் சொல்லவில்லை. ஓலாஃப் என்ற மகன் பிறந்து இரண்டு வயதானபோது, ஓடைக்கரையில் அவள் குழந்தையோடு பேசிக்கொண்டிருப்பதை ஹோஸ்குல்ட் கேட்டுவிடுகிறான். அதன்பிறகே சொல்கிறாள்: என் பெயர் மெல்கோர்கா, அயர்லாந்து அரசனின் மகள், பதினைந்து வயதில் பிடிபட்டேன். விலை கொடுத்தவனுக்கு உடல் கிடைத்தது. பெயரைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். அவளிடம் மிஞ்சியிருந்த ஒரே சொத்து அதுதான்.

அந்த ஓலாஃப்தான் வளர்ந்து, அயர்லாந்தில் தனக்குக் கிடைத்த நாய் ஒன்றைக் குன்னார் என்ற வீரனுக்குப் பரிசளிக்கிறான். இது ந்யால் சாகாவில் வருவது. நாயின் பெயர் சாமுர். மனிதனுக்குரிய அறிவு கொண்டது, எஜமானுக்காக உயிரையும் கொடுக்கும் என்று சொல்லிக் கொடுக்கிறான். அப்படியே நடக்கிறது. பகைவர்கள் முதலில் நாயைக் கொல்கிறார்கள். அதன் ஊளையில்தான் குன்னார் விழிக்கிறான்.

குன்னாரின் மனைவி ஹல்கெர்த். ஓலாஃபுக்கு அவள் ஒன்றுவிட்ட அக்கா அல்ல. ஒரே தகப்பனுக்குப் பிறந்தவள். முற்றுகையில் குன்னாரின் வில் நாண் அறுந்து போகிறது. நாண் முறுக்க உன் கூந்தலில் இரண்டு கற்றை கொடு என்கிறான். அன்று என்னை அறைந்தாயே, நினைவிருக்கிறதா என்று கேட்டு அவள் மறுக்கிறாள். குன்னார் மடிகிறான். உயிர் விட்ட நாய்க்கு விசுவாசி என்ற பெயர், முடி தராத மனைவிக்குத் துரோகி என்ற பெயர். கதை கேட்ட எத்தனையோ தலைமுறைகள் அவளுக்குத் தந்தது பழிதான். நாயிடமும் மனைவியிடமும் ஒரே அளவுகோலை நீட்டினார்கள்: அடித்தாலும் காலடியில் கிடக்கிறாளா? ஹல்கெர்த் செய்தது சரி என்று நான் வாதாடவில்லை. ஆனால் அந்த அறை நடந்தது என்பதைக் கதையே மறைக்கவில்லை. நாம் ஏன் மறக்க வேண்டும்?

இனி ஃப்ரேயாவுக்கு வருவோம். அந்தப் பெயருக்குத் தலைவி, சீமாட்டி என்று பொருள். தன் உடைமைக்கு உரியவளான ஒவ்வொரு பெண்ணும் ஃப்ரேயா என்றே அழைக்கப்பட்டதாக ஸ்னோரி எழுதுகிறார். வீட்டுத் தலைவியைக் குறிக்கும் ஐஸ்லாந்துச் சொல்லில் இன்றும் அவள் பெயர் இருக்கிறது. போரில் மடிந்தவர்களில் பாதிப் பேர் ஓடினுக்கு என்றால் மறுபாதி இவளுக்கு. தோரின் சுத்தியலைத் திருடிய அரக்கன், ஃப்ரேயாவை மனைவியாகக் கொடுத்தால் திருப்பித் தருகிறேன் என்றபோது ஆண் தெய்வங்கள் இவளிடம் வந்து, மணக்கோலம் பூணச் சொன்னார்கள். இவள் சீறிய சீற்றத்தில் மண்டபம் அதிர்ந்தது, கழுத்து மாலை தெறித்தது. கடைசியில் தோரே முக்காடு போட்டு மணப்பெண்ணாகப் போக வேண்டியதாயிற்று. தன்னைப் பண்டமாற்றுப் பொருளாக்க மறுத்தவள் அவள். ஹ்யால்ட்டியின் செய்யுளுக்கு முன்பும் பின்பும் அவள் அதுதான்.

தோழியிடம் இதையெல்லாம் சொல்லி, "தாராளமா வை" என்றேன். பெட்டை நாய் என்பது வசவு என்று ஒப்புக்கொண்டால்தான் இது தெய்வ நிந்தனை. ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு அது ஒரு நாய், பெண் நாய், அவ்வளவே. இரண்டே அசை, கூப்பிடவும் எளிது. ஃப்ரேயாவின் தேரை இழுப்பவை பூனைகள் என்பதை மட்டும் குட்டியிடம் சொல்ல வேண்டாம் என்றேன்.

தடுப்பூசி அட்டையில் பெயர் ஏறிவிட்டது. குட்டி போடாமலிருக்க எப்போது அறுவை செய்யலாம் என்று மருத்துவரிடம் கேட்டு வைத்திருக்கிறாள் தோழி. பக்கத்து வீட்டம்மாவும் இப்போது மீன் தலை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்று கூப்பிடுகிறார். "பிரேயா, ஏ பிரேயா!" தலைவியே, வா என்று அழைக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. ஒருநாள் சொல்ல வேண்டும்.