ஒரு புள்ளிக்காக நடந்த சண்டை



எங்களிடம் படித்த தம்பி ஒருவர் வளைகுடாவில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறார். போன கிழமை வட்ஸ்அப்பில் குரல் பதிவொன்று அனுப்பியிருந்தார். "சேர், இங்க எல்லாமே கோபோல். நான் புது முறையில எழுதிக் கொடுத்தா மேலதிகாரி திருப்பி அனுப்புறார். முப்பது வருஷமா ஓடுற செய்நிரல், பழைய மாதிரியே எழுது என்கிறார். யாரு சரி?"

இந்தத் துறைக்குப் போகும் நமது பிள்ளைகள் இன்னும் பலர் இருப்பதால், பதிலை எல்லோரும் வாசிக்கும்படி இங்கேயே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1959 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பென்டகனில் ஒரு கூட்டம் நடந்தது. ஒவ்வொரு கம்பனியின் கணினிக்கும் ஒவ்வொரு மொழி என்ற தொல்லையை ஒழித்து, கணக்கு வழக்குக்கென்று ஒரு பொது மொழி வேண்டும் என்று பேசினார்கள். கிரேஸ் ஹொப்பர் அம்மையார் முன்னரே உருவாக்கியிருந்த ஃப்ளோ-மேட்டிக் மொழியைப் பெரிதும் தழுவி கோபோல் பிறந்தது. சாதாரண ஆங்கில வசனம் போல எழுதுவது, முடிவில் முற்றுப்புள்ளி வைப்பது, இதுதான் அதன் முறை.

அன்று செய்நிரலைத் துளை அட்டையில் குத்தினார்கள். ஓர் அட்டைக்கு 80 நிரல்கள். முதல் 6 நிரலில் வரிசை எண். அட்டைக்கட்டு கைதவறிக் கீழே விழுந்தால் மறுபடி அடுக்குவதற்கு அது உதவும். 7ஆவது நிரல் குறியீட்டுக்கு. 8 முதல் 72 வரை செய்நிரல். மீதி 8 நிரலும் செய்நிரலின் அடையாளத்துக்கு. அட்டை போய்விட்டது, நிரல்கள் போகவில்லை. விரும்பிய இடத்தில் எழுதலாம் என்ற அனுமதி நியமத்தில் வந்தது 2002இல்தான். நாங்கள் சிரிக்கவும் முடியாது. பாடசாலைப் பதிவேடுகளில் எதற்கென்றே தெரியாத நிரல்களை இன்றும் நிரப்பிக்கொண்டுதானே இருக்கிறோம்!

நிரலை விடப் பெரிய தொல்லை அந்த முற்றுப்புள்ளி. "சம்பளம் இந்த எல்லையைத் தாண்டினால் வரியைக் கழி, வரிப் பதிவேட்டில் எழுது." இதில் "தாண்டினால்" என்ற நிபந்தனை முற்றுப்புள்ளி வரைதான் செல்லும். "கழி" என்பதற்குப் பின்னால் ஒரு புள்ளி தவறி விழுந்தால்? வரி கழிபடுவது எல்லை தாண்டியவருக்கு மட்டும், ஆனால் பதிவேட்டில் ஏறுவது எல்லோருடைய பெயரும். கணினி ஒரு முறைப்பாடும் செய்யாது. அச்சுத்தாளில் அந்தச் சின்னப் புள்ளியைக் கண்டுபிடிப்பது மனிதக் கண்ணின் வேலை.

1968இல் டைக்ஸ்ட்ரா என்ற நெதர்லாந்து அறிஞர், செய்நிரலை அங்கும் இங்கும் தாவ வைக்கும் 'கோ டு' கட்டளை கேடானது என்று எழுதிய கடிதம் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. கோபோலில் அதைவிட மோசமான 'ஆல்டர்' என்றொரு கட்டளையும் உண்டு. ஒரு 'கோ டு' எங்கே போக வேண்டும் என்பதைச் செய்நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது மாற்றிவிடும். வாசிப்பவர் பாடு என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் மருந்தாக நியமக் குழு புதிய கட்டளைகளை முன்வைத்தது. 'இஃப்' தொடங்கினால் 'எண்ட்-இஃப்' என்று மூடலாம். பல வழிகளில் ஒன்றைத் தெரிய 'இவால்யுவேட்'. நல்ல விடயம்தானே? ஆனால் எதிர்ப்பு புயலாக வந்தது. 1981 ஜனவரியில் டிராவலர்ஸ் என்ற காப்புறுதிக் கம்பனியின் மூத்த உப தலைவர் ஜோசப் புரோஃபி, குழு மீது வழக்குப் போடுவேன் என்றே எச்சரித்தார். அவர்களிடம் இருந்தது 4 கோடி வரி கோபோல். முதலாவது பொதுக் கருத்துக் கேட்பில் 2,200 பதில்கள் வந்தன. ஆதரவு ஒரு டசன்கூட இல்லை. மாற்றுவதற்கு வரிக்கு 50 சதமாவது ஆகும் என்றும் கணித்திருந்தார்கள். 4 கோடி வரிக்கு அந்த விலையைப் போட்டுப் பாருங்கள், 2 கோடி டொலர்!

அவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. புதிய கட்டளைச் சொல் ஒன்று வந்தால் அதே சொல்லைத் தரவுப் பெயராக வைத்திருந்த பழைய செய்நிரல் நின்றுபோகும். 'டெஸ்ட்' அப்படி ஒதுக்கப்பட்ட சொற்களில் ஒன்று. அந்தப் பெயரை எத்தனை பேர் வைத்திருப்பார்கள்!

எதிர்ப்பு வீண்போகவில்லை. குழு குறைகளைக் கேட்டுத் திருத்தியது. 'ஆல்டர்' போன்றவற்றை உடனே வெட்டாமல் 'வழக்கொழிந்தது' என்று குறித்து வைத்து, அடுத்த நியமத்தில்தான் நீக்கினார்கள். இறுதிக் கருத்துக் கேட்பில் வந்தவை 25 பதில்கள் மட்டுமே. 1985இல் நியமம் வெளியானது. பயந்த அளவுக்குச் சிக்கல் வரவில்லை என்பதை 1984இலேயே டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பனி தன் அனுபவத்தில் சொல்லியிருந்தது.

இனித் தம்பிக்குப் பதில். புது முறை அழகுக்காக வந்ததல்ல. 'எண்ட்-இஃப்' போட்டு எழுதிய இடத்தில் அதே புள்ளி நடுவில் தவறி விழுந்தால், துணையற்றுத் தனியே நிற்கும் 'எண்ட்-இஃப்'பைக் கண்டு கணினி செய்நிரலை ஏற்க மறுத்துவிடும். முன்பு மனிதக் கண் பார்த்த காவலை இப்போது கணினி பார்க்கிறது. இந்த விடயத்தில் நாங்கள் தம்பியின் பக்கம்.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பந்தியை அழகுபடுத்துவதற்காக மட்டும் திறப்பதில் மேலதிகாரியின் பக்கம். அங்கே இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் தவறி விழுந்ததா, வேண்டுமென்றே வைத்ததா என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம், தம்பிக்குத் தெரியாது. அவர் ஓய்வு பெறுமுன் பக்கத்தில் அமர்ந்து கேட்டு எழுதிவைக்கச் சொன்னோம்.

நேற்று மறுபடி குரல் பதிவு வந்தது. புதிதாக எழுதும் பந்திகளிலும், பிழை திருத்தத் திறக்கும் பந்திகளிலும் 'எண்ட்-இஃப்' போடலாம் என்று மேலதிகாரி சம்மதித்துவிட்டாராம். நிரல் மட்டும் பழையபடி 8இலிருந்துதானாம்.