பொதிகையில் வழி வெட்டியவர்கள்

டவுணில் இருக்கிற நமக்குப் பொதிகை என்றால் முதலில் தென்றல், அப்புறம் சாரல், அப்புறம் அகத்தியர். ஏறிப் பார்க்க வேண்டிய மலை என்ற நினைப்பு கடைசியில்தான் வரும். தமிழ் பிறந்த மலை என்று மேடையில் முழங்குகிற அன்பர்களில் பெரும்பாலோர் பாபநாசம் தாண்டியிருக்க மாட்டார்கள். குறையாகச் சொல்லவில்லை. மலை அப்படி. உயரம் 1,868 மீட்டர், அதாவது 6,100 அடிக்குச் சற்று மேலே. ஊட்டியும் கொடைக்கானலும் இதைவிட உயரம்தான். ஆனால் அங்கே பஸ் போகிறது. இங்கே கால்தான் போக வேண்டும்.

இந்த மலைக்கூட்டத்தில் கிழக்கே இறங்கும் தண்ணீர் தாமிரபரணியாகி, 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னக்காயலில் கடலைச் சேர்கிறது. மேற்கே இறங்குவது நெய்யாறு, கரமனையாறு என்று திருவனந்தபுரம் பக்கம் போய்விடும். நமக்கு முதுகு என்றால் அவர்களுக்கு முகம். அதனால்தான் உச்சியில் முதன்முதலாக ஆராய்ச்சிக்கூடம் கட்டிய வேலை திருவிதாங்கூர் கஜானாவிலிருந்து நடந்தது.

கட்டியவர் ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் தொடங்கிய திருவனந்தபுரம் வானிலையத்துக்கு 1852இல் இயக்குநராக வந்தவர். திருவனந்தபுரத்து மியூசியமும் மிருகக்காட்சி சாலையும் தொடங்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் அவர் உயிரை விட்டது காந்த ஊசி மேல். திசைகாட்டும் ஊசி வடக்கே பார்த்தபடி அசையாமல் நிற்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது தினமும் மயிரிழை அளவு கிழக்கும் மேற்குமாக ஆடுகிறது. பூமியின் காந்த நடுக்கோடு திருவனந்தபுரத்துக்கு அருகில் போவதால், அந்த ஆட்டத்தைக் கவனிக்க அது நல்ல இடம். கீழே ஆடுகிற மாதிரியேதான் ஆறாயிரம் அடி உயரத்திலும் ஆடுகிறதா? இந்த ஒரு கேள்விக்காக மனிதர் 1855இல் அகத்தியர் மலை உச்சியில் ஒரு கூடம் எழுப்பினார். அப்போது உத்திரம் திருநாள் மகாராஜா ஆட்சி. பதிவுகளெல்லாம் சேர்ந்து 1874இல் லண்டனில் பெரிய நூலாக வந்தன. தலைப்பில் நம்முடைய மலை ‘அகுஸ்தியா மல்லே’ ஆகியிருக்கிறது! போகட்டும், நாம் லெஷெனோவையும் துப்ளேக்ஸையும் சொல்லாத விதமா?

நான் குமாஸ்தாவாக இருந்தவன். ஒரு கட்டடம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மஸ்டர் ரோல்தான். அதாவது எத்தனை ஆள், எத்தனை நாள், என்ன கூலி என்பது. பிரவுனுடைய கருவிகளும் சாமான்களும் உச்சிக்குத் தானாகப் பறந்து போகவில்லை. யானைக்காட்டின் வழியே, சில இடங்களில் கையும் காலும் ஊன்றித் தவழ வேண்டிய பாறையில், தலைச்சுமையாகத்தான் போயிருக்க வேண்டும். போனக்காட்டிலிருந்து ஏறும் இன்றைய பாதையில் ஓர் ஏற்றத்துக்கு முட்டிடிச்சான் தேரி என்று பெயர். ஒவ்வொரு எட்டுக்கும் நம் முட்டியே நம் முகவாயில் வந்து இடிக்கும் என்று அர்த்தம். பெயர் வைத்தவன் சுமை தூக்கிப் போனவனாகத்தான் இருப்பான். கை வீசிப் போனவனுக்கு இந்தச் சொல் வராது.

அந்த மலைக்குச் சொந்தக்காரர்கள் காணிகள். நம் பக்கம் காரையாறு, சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி என்று குடியிருப்புகள்; அந்தப் பக்கம் நெய்யாற்றை ஒட்டிய காடுகள். அகத்தியர் அவர்களுக்குக் குலதெய்வம் மாதிரி. நாம் புராணத்தில் படிப்பவரை அவர்கள் வீட்டுப் பெரியவர் போலப் பேசுவார்கள். பிரவுன் 1865இல் வேலையை விட்டுப் போனார், கூடம் அழிந்தது. காணிகள் அங்கேயே இருந்தார்கள்.

1978 என்று நினைவு. அலுவலக நண்பர்கள் நாலு பேரும் நானும் காரையாறு அணையில் படகேறி, பாணதீர்த்தம் போய், அங்கிருந்து நடந்து கன்னிகட்டி சேர்ந்தோம். மறுநாள் விடியுமுன் புறப்பட்டுப் பூங்குளம் பார்த்துவிட்டு, வேறு வழியாக இருட்டுமுன் கன்னிகட்டிக்கே திரும்பினோம். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். புறப்பட்ட இடத்துக்கே வேறு வழியில் திரும்பும் நடையை எங்கள் வாத்தியார் ‘பூக்ள்’ என்பார், வளையம் என்று பொருள். அன்றைக்கு அந்த வளையம் எங்களைப் பிழிந்து எடுத்துவிட்டது. அட்டைக்கு உப்பும் புகையிலையும் துணியில் முடிந்து, அதை நனைத்து நனைத்துக் காலில் தேய்த்துக்கொண்டே நடந்தோம். கூட வந்த காணிகள் இருவரும் எங்கள் அரிசி மூட்டையையும் சுமந்துகொண்டு, வெறுங்காலோடு, முன்னால் போய் நின்று எங்களுக்காகக் காத்திருப்பார்கள். ‘மெல்ல வாங்க சாமி’ என்பதைத் தவிர அதிகம் பேசவில்லை. திரும்பி வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபோது பார்த்தேன். எங்கள் ஐந்து பேர் பெயரும் தகப்பனார் பெயரோடு இருந்தது. கீழே ஒரு வரி: ‘உடன் காணி – 2’.

பின்னால் நடந்தது பலருக்குத் தெரியாத சங்கதி. 1987 டிசம்பரில் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் தாவர ஆராய்ச்சியாளர்கள் கேரளப் பக்கமாக இதே மலைத்தொடரில் ஏறினார்கள். அவர்களுக்கு மூச்சு வாங்குகிறது. வழிகாட்டிகளோ ஏதோ ஒரு சிறு காயை அவ்வப்போது மென்றுகொண்டு களைப்பே இல்லாமல் நடக்கிறார்கள். அது என்ன என்று கேட்டால் சொல்லத் தயங்கினார்கள், வெளியாருக்குச் சொல்வது வழக்கமில்லை. வற்புறுத்தியபின் காட்டிக்கொடுத்த செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து திருவனந்தபுரம் பாலோடு தாவரத் தோட்ட நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1990களின் நடுவில் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் தரப்பட்டது. உரிமத் தொகை 10 லட்சம், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. அதில் சரிபாதி காணிகளுக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது. 1997இல் கேரளக் காணிகளுக்கு ஓர் அறக்கட்டளை பதிவாகி, 1999இல் முதல் தவணையாக ஐந்து லட்சத்துச் சொச்சம் கைக்கு வந்தது.

உலகமெங்கும் இதை முன்மாதிரி என்று எழுதினார்கள். எனக்கு முழு திருப்தி இல்லை. அறக்கட்டளையில் சேராத பக்கத்து ஊராட்சிக் காணிகள் எங்களைக் கேட்கவே இல்லையே என்றார்கள். இலையைப் பறிக்க வனத்துறை தடை சொன்னதால் மருந்துக்கு மூலப்பொருளே திண்டாட்டம் ஆயிற்று. நம் பக்கத்துக் காணிகளுக்கும் அதே காடு, அதே அறிவு. மாநில எல்லை அவர்களைத் தள்ளி நிறுத்திவிட்டது. ஆனாலும் ஒன்று நடந்தது. அந்தக் காயைக் காட்டிய மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி என்ற பெயர்கள் சர்வதேச ஆவணங்களில் அச்சாகியிருக்கின்றன. பிரவுனுக்குச் சுமை தூக்கியவர்களுக்குக் கிடைக்காதது இது.

1988இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமானது, தமிழ்நாட்டில் முதலாவது. அதன்பின் நம் பக்கத்துப் பாதை படிப்படியாக அடைபட்டுவிட்டது. இப்போது உச்சிக்குப் போக வேண்டுமானால் ஜனவரி வாக்கில் கேரள வனத்துறையிடம் அனுமதிச்சீட்டு வாங்கி, போனக்காட்டில் தொடங்கி, அதிருமலை முகாமில் தங்கி ஏற வேண்டும். தமிழ்முனியைப் பார்க்க மலையாளத்தில் மனுவா என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்குக் கோபமில்லை. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோவிலில் கூட்டம் விட்டுப்போகும் குப்பையைப் பார்த்தவன், பூங்குளத்துக்கு ரோடு போடுங்கள் என்று கேட்கமாட்டான். அந்தக் குளத்துத் தண்ணீரைத்தானே நாம் குறுக்குத்துறையில் குளிக்கிறோம்.

2018இல் பெண்களும் ஏறலாம் என்று கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற அதிகாரி ஏறினார். எங்கள் தெய்வத்தின் இருப்பிடம் என்று காணிகள் கீழே நாம ஜபம் செய்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனால் யாரையும் மறிக்கவில்லை. ஏறுகிற உரிமை எல்லோருக்கும் வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் அந்த வழக்கு நடந்த காலத்தில்தான், அது யாருடைய மலை என்று பத்திரிகைகள் காணிகளிடம் கேட்டன.