‘மட்டும்’ என்னும் ஒரு சொல்: ரோமர் நிருபமும் மார்ட்டின் லூத்தரும்

ஒரு வாக்கியத்தில் ஒரு சொல் இருப்பதும் இல்லாததும் ஸம்ப்ரதாயங்களையே பிரிக்கவல்லது என்பதை வியாக்கியான மரபில் பயின்றோர் நன்கறிவர். சரம ச்லோகத்தின் ‘ஏகம்’ என்னும் பதம் நம் ஆசார்யர்களால் எவ்வளவு ஆழமாக ஆராயப்பட்டது என்பது வெளிப்படை. இதற்கு ஒப்பானதொரு விவாதம் 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் நிகழ்ந்தது.

மார்ட்டின் லூத்தர் (1483–1546) 1505இல் எர்ஃபுர்ட் நகரில் அகஸ்டீனியத் துறவியரோடு சேர்ந்தார். உபவாசம், கண்விழிப்பு, பாவ அறிக்கை ஆகிய நியமங்களை வழுவாது அனுஷ்டித்தும், ‘இவ்வளவு போதும்’ என்னும் நிச்சயம் அவருக்கு வாய்க்கவில்லை. தன் கர்மத்தையே பற்றி நிற்பவனுக்கு அதன் நிறைவைப் பற்றிய ஐயம் எஞ்சியே தீரும். பின்னர் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் 1515–16இல் ரோமர் நிருபத்தை விளக்கிப் பாடம் சொன்னார். தேவநீதி என்பது பாவியைத் தண்டிக்கும் நீதியன்று, இறைவன் தானே அருளி மனிதனை நீதிமானாக்கும் நீதி என்று தாம் தெளிந்ததை 1545இல் எழுதிய முன்னுரையொன்றில் அவர் நினைவுகூர்ந்துள்ளார்.

1522இல் அவருடைய ஜெர்மானியப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. ரோமர் 3:28இல், மனிதன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளின்றி விசுவாசத்தால் நீதிமானாகிறான் என்று பவுல் கூறுகிறார். லூத்தர் அங்கே ‘மட்டும்’ என்று பொருள்படும் ‘அல்லைன்’ என்ற சொல்லைச் சேர்த்தார். கிரேக்க மூலத்தில் அச்சொல் இல்லை. எதிர்ப்பு எழுந்தபோது, 1530இல் மொழிபெயர்ப்பைப் பற்றி எழுதிய கடிதத்தில் இரு ஸமாதானங்கள் கூறினார். ஒன்றை விலக்கி மற்றொன்றை நிறுத்துமிடத்தில் இச்சொல்லை இடுவது ஜெர்மன் மொழியின் வழக்கு என்பது ஒன்று. தமிழில் பிரிநிலை ஏகாரம் செய்யும் தொழிலை நினைத்தால் இது விளங்கும். கிரியைகள் முற்றும் விலக்கப்பட்டபின் எஞ்சுவது விசுவாசமே ஆதலால், பொருளும் அதையே வேண்டுகிறது என்பது மற்றொன்று.

புதிய ஏற்பாட்டில் ‘விசுவாசத்தால் மட்டும்’ என்ற தொடர் வெளிப்படையாக வருவது யாக்கோபு நிருபம் 2:24இல்தான். அங்கே அது மறுக்கப்படுகிறது! லூத்தர் அந்நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டு, நூலின் இறுதிப் பகுதியில் வைத்தார். எனினும் அவர் நற்கிரியைகளைத் தள்ளினார் என்பது பொருந்தாது. நற்கிரியை நீதிக்குக் காரணமன்று, காரியம் என்பதே 1520இல் அவர் எழுதிய நூல்களின் ஸாரம். யாக்கோபோடு பவுலை ஸமன்வயப்படுத்த விரும்பிய பிற்காலத்தாரும் இவ்வழியையே பற்றினர்.

இனி ஒரு நுட்பமான வினா. விசுவாசமும் மனிதன் செய்வதாயின், அதுவும் ஒரு கிரியை ஆகாதோ? விசுவாசம் நம்முள் இறைவன் செய்யும் செயல் என்று லூத்தர் விடையளித்தார். 1547இல் டிரெண்டு சங்கமோ, கிருபை முற்பட்டதே ஆயினும் மனிதனுடைய இசைவும் ஒத்துழைப்பும் வேண்டும் என்று விதித்தது. ‘ஏக’ பதம் சேதனனுடைய ஸ்வீகாரத்தில் உபாய புத்தியையும் விலக்குகிறது என்று பிள்ளை லோகாசார்யர் அருளியதும், பகவானையே ஸித்தோபாயமாகக் கொண்ட வேதாந்த தேசிகர் ப்ரபத்தியை அவன் கிருபைக்கு வ்யாஜமாகக் கொண்டதும் இங்கே நினைவுக்கு வரும். ருடால்ஃப் ஓட்டோ என்ற ஜெர்மானிய அறிஞர் 1930இல் வெளியிட்ட நூலில் இவ்விரு சமயங்களின் கிருபைக் கொள்கைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார்.

ஒப்புமையால் பேதம் மறைதலாகாது. லூத்தரின் விசுவாசம் கிறிஸ்துவின் மரணத்தால் பாவக் கடன் தீர்ந்தது என்பதைப் பற்றி நிற்பது. நம் ஸித்தாந்தத்தில் ப்ரபத்தி, ஒழிக்க ஒழியாத சேஷ சேஷி ஸம்பந்தத்தையும் பிராட்டியின் புருஷகாரத்தையும் பற்றி நிற்பது.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு பொது அறிக்கையில் ஒப்பமிட்டன. இரு தரப்பாரும் சேர்ந்து உரைத்த மைய வாக்கியத்தில் ‘மட்டும்’ என்பது இடம்பெற்றது. ஆனால் விசுவாசத்தோடன்று, கிருபையோடு. பற்றுகின்ற கையைக் குறித்து வேறுபட்டோர், பற்றப்படுகின்றவன் அருளைக் குறித்து ஒன்றுபட்டனர்.